பத்து பேட்டரி

பெரிய பேட்டரி பத்து வேண்டும் அதற்கு.
சின்னது பொருந்தாது. ஒன்பது போதாது.
ஹோலியோக்கில், காகித ஆலைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம்,
எங்கள் ஐந்து பேரில் ஒருவரிடமும்
பத்துக்குக் காசில்லை.
ஆளுக்கு இரண்டு என்று முடிவானது.

எஃப்ரைன் தன்னுடையதில் ஆணியால் கீறினான்.
நெரெய்தா நெயில் பாலிஷில் பொட்டு வைத்தாள்.
நான் பேனாவால் பெயர் எழுதினேன்,
இரண்டே நாளில் வியர்வை அழித்தது.
குறியில்லாததெல்லாம் என்னுடையது என்றான் கிளிஃப்டன்.
அவனுக்கும் எனக்கும் அந்த வழக்கு
இன்னும் தீரவில்லை.
ஒஸ்வால்தோ மட்டும் ஒன்றும் செய்யவில்லை.
தடவிப் பார்த்தே தெரியும் என்றான்.
தெரிந்தது.

பெட்டி, எஃப்ரைனின் சித்தப்பா
கடனுக்குப் பதில் விட்டுப்போனது.
கைப்பிடி உடைந்து, துணிக்கொடிக் கயிற்றில் தொங்கும்.
கேசட் வைக்கும் இடத்துக்கு மூடி கிடையாது.
உள்ளே சுற்றுவது வெட்டவெளியில் தெரியும்.
தூசி விழாமல் ஒருவர்
கையைக் குடையாகப் பிடித்து வர வேண்டும்.
சுமப்பவருக்கு ஒரு காது சுடும்.
ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை
தோள் மாறும்.

இரண்டாம் மாடிப் போலந்துக்காரம்மா
ஜன்னலை அறைந்து சாத்துவாள்.
கொஞ்சம் பொறுத்து
ஒரு விரற்கடை திறப்பாள்.

ஜூலையில் ஆலை ஒரு ஷிஃப்டை நிறுத்தியது.
ஒஸ்வால்தோவின் வீட்டார் பொன்ஸேவுக்கே திரும்புவதாகச் சொன்னார்கள்.
புறப்படும் அன்று மாலை வந்தான்.
பெட்டியைக் குப்புறப் போட்டு, பின்மூடியைத் திறந்து,
கண்ணை மூடித் தடவி
தன் இரண்டையும் எடுத்துக்கொண்டான்.
நியாயம்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை.
இந்தப் பையில் ஒன்று, அந்தப் பையில் ஒன்று.
கனத்தில் கால்சட்டை இறங்க இறங்க
ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி போனான்.
மறு கையில் தங்கை.
ஆட்டிக்காட்ட
மூன்றாவது கை அவனுக்கு ஏது.

காலி இடத்தில் நெரெய்தா
கோழி சுற்றிவந்த அலுமினியத் தாளை
உருட்டி அடைத்தாள், இரண்டு கட்டை.
ஓடியது.
ஆனால் இழுத்து இழுத்து.
பாடியவள் ஆணாகிவிட்டாள்.
கூடப் பாடியவன் கிணற்றுக்குள் போய்விட்டான்.
டிரம்ஸ், மளிகைப் பையோடு
படியேறுகிறவர் மாதிரி
ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சு வாங்கியது.

முதல் நாள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
மறுநாள் ஆடிப் பார்த்தோம்.
தூக்கிய கால் கீழே வருவதற்குள்
யோசிக்க நேரமிருந்தது.
அந்த வேகத்தில்தான் எஃப்ரைன்
கையால் நின்று சுழலக் கற்றான்.
அந்த வேகத்தில்தான், ஒருநாள்,
அவன் சுழன்று முடிக்கும் வரை
நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இரண்டு பேட்டரி வாங்கியிருக்கலாம்.
ஆகஸ்டில் காசுகூட இருந்தது.
யாரும் பேச்செடுக்கவில்லை.

பெட்டி பிறகு என்ன ஆனது என்பதில்
மூன்று பேருக்கு மூன்று கதை.
கிளிஃப்டன் சொல்வதை நம்பாதீர்கள்.

போன வாரம் சூப்பர்மார்க்கெட்டில்,
உறைந்த பட்டாணிக்கு முன்னால் நிற்கிறேன்,
கூரையிலிருந்து அதே பாட்டு.
சரியான வேகத்தில்.
யார் துரத்துகிறார்கள் இவளை என்றிருந்தது.
பொட்டலத்தில் பெரியதா சின்னதா என்று
முடிவெடுக்கும் முன் முடிந்துவிட்டது.
மூன்று நிமிடம் நாற்பது நொடியாம் அது.
எங்களிடம் நாலரைக்கும் மேல்.
அந்த மிச்சம் ஒரு நிமிடத்தில்
எவ்வளவு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தையில்
அதே மாடல். மூடி இருந்தது, கைப்பிடி இருந்தது.
நானூறு டாலர்.
மெதுவாக ஓடுமா என்று கேட்டேன்.
பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது.
மோட்டார் மாற்றி, பெல்ட் மாற்றி
அவனே சரிசெய்ததாம்.
ஒரு இம்மி பிசகாது, மேடம் என்றான்.

பிசகாது என்றான்.
தூக்கிப் பார்த்துவிட்டு,
எடை மட்டும் சரியாக இருந்தது,
இருந்த இடத்திலேயே வைத்தேன்.